உடல் வயது இருபது

சந்தனமாரி அந்தப் பல்கலைக்கழகத்துக்காக முதன்முதலில் ஓடியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தோராவது முறையாக ஓடத் தயாரானபோது முப்பத்தொன்பது. இரண்டு முறையும் எடுத்த புகைப்படங்களை அருகருகே வைத்தால், எது பழையது என்று பனியனின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டி டிசம்பரில் நடக்கும். அதற்கு மூன்று வாரம் முன்பு எல்லோரும் விளையாட்டு மருத்துவப் பிரிவில் ரத்தம் கொடுக்க வேண்டும். டாக்டர் மெகருன்னிசா கணினித் திரையைப் பார்த்து எப்போதும்போல உரக்கப் படித்தார்.

"உடல் வயது இருபது வருஷம், மூணு மாசம். தகுதி உண்டு."

"போன வருஷம் எவ்வளவு மேடம்?"

"இருபது, மூணு."

"ஒரு மாசம்கூட ஏறலையா?"

"ஏறாது மாரி. அதுக்குத்தானே ஊசி" என்று சொல்லிவிட்டு டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்தத்தில் வயது பார்க்கும் வழக்கம் வந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. ஒரு காலத்தில் கல்லூரி விளையாட்டு வீரர்கள் பிறந்த தேதியைக் காட்டித்தான் களத்தில் இறங்கினார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் ஓட முடியாது. அதனால் பொய்ச் சான்றிதழ்கள் பெருகின. முப்பது வயது ஆள் மீசையை மழித்துக்கொண்டு இருபத்துமூன்று என்று வந்து நிற்பான். கடைசியில் நீதிமன்றம், ஓடுவது உடல்தானே, உடலின் வயதையே பார்த்துவிடுங்கள் என்று சொன்னது. ரத்தத்தில் உடல் வயதை அளக்கும் சோதனை வந்தது. உடல் வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும், ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் பொய் சொல்லாது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஊசி வந்தது. மாதம் ஒன்று போட்டால் உடல் அந்த வயதிலேயே நிற்கும். மருந்துக்கு நீளமான பெயர் உண்டு. விடுதிப் பெண்கள் அதை நிப்பாட்டு ஊசி என்பார்கள்.

சந்தனமாரிக்கு அதை இருபதாவது வயதில் போட்டார்கள். நானூறு மீட்டரை அவள் ஐம்பத்துநான்கு விநாடியில் ஓடினாள். பத்தொன்பது வருடமாக அதே ஐம்பத்துநான்குதான். எவ்வளவு பயிற்சி செய்தாலும் குறையவில்லை, கூடவும் இல்லை. தகுதிக்காக அவள் படித்துக்கொண்டே இருந்தாள். வரலாறு இளங்கலை, வரலாறு முதுகலை, நூலகவியல், பொது நிர்வாகம், யோகா டிப்ளமோ. இப்போது கிராமப்புற மேம்பாடு. எந்த வகுப்பிலும் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. வருகைப் பதிவை அலுவலகமே பார்த்துக்கொண்டது. விடுதியைவிட்டு வெளியே போக வார்டன் கையெழுத்து வேண்டும். வார்டன், ஒரு காலத்தில் அவளுக்கு ஆறு வருடம் ஜூனியராக இருந்த பெண். இப்போது கண்ணாடி போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு, "எங்க போற? எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்பாள்.

அந்த வருடம் ஜூலையில் அவளுடைய தங்கை மகள் மகிழினி விளையாட்டு ஒதுக்கீட்டில் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளும் நானூறு மீட்டர்தான். பதினெட்டு வயது. நவம்பருக்குள் ஐம்பத்தைந்தைத் தொட்டுவிட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் "பெரியம்மா!" என்று அவள் கத்தினால் புதுப்பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே மாதிரி இறுக்கிப் போட்ட பின்னல்.

போட்டி முடிந்த வாரம் தங்கை பேச்சியம்மாள் கோவில்பட்டியிலிருந்து வந்தாள். பயிற்சியாளர் எட்வின் ஞானராஜ் அழைத்திருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் ஒரு படிவம் இருந்தது.

"மகிக்கு ஊசி போட்டுரலாம்னு முடிவு பண்ணிருக்கோம்மா" என்றார் எட்வின். "இந்த வயசுல நிப்பாட்டினாத்தான் சரி. ரெண்டு வருஷம் போச்சுன்னா இடுப்பு அகலம் ஆயிரும், வேகம் குறையும். ஒண்ணாவது ஊசி இந்த மாசம், அடுத்தது ஜனவரி, மூணாவது பிப்ரவரி. மூணாவதுல உடம்பு முழுசா நின்னுரும்."

சந்தனமாரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அவ இப்பத்தானே வந்தா சார். ரெண்டு வருஷம் ஓடிப் பாக்கட்டுமே."

"நீ ரெண்டு வருஷம் ஓடிட்டா போட்ட?"

அவளும் ஒரு வருடத்தில்தான் போட்டுக்கொண்டாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஓடுவது பிடித்திருந்தது, அது முடியக்கூடாது என்று இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்து அவள் தங்கையிடம் கேட்டாள். "பேச்சி, கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"ஏட்டி, ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

பேச்சியம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். தங்கைக்கு முப்பத்தேழு வயது. தீப்பெட்டி ஆலையில் பத்து வருடம் வேலை பார்த்ததில் விரல் நுனிகள் கறுத்திருந்தன. காதோரம் நரைத்திருந்தது. முழங்கால் வலிக்குப் பட்டை கட்டியிருந்தாள்.

"என்னைப் பாருக்கா. உன்னையும் பாரு" என்றாள். "பஸ்ல வரும்போது உன் போட்டோவப் பாத்துட்டுக் கண்டக்டர் கேக்கான், மகளான்னு. இது என் அக்கான்னு சொன்னா சிரிக்கான். எனக்கு என்ன கெடைச்சுச்சு? பதினெட்டுல கல்யாணம். பத்தொம்போதுல இவ. அதுக்கப்புறம் வேலை, ஆஸ்பத்திரி, வேலை. உனக்கு என்ன கொறை வந்துச்சு, சொல்லு பாப்போம்."

சந்தனமாரி சொல்ல முயன்றாள். என்ன குறை என்று சொல்ல அவளுக்கே சரியாக வார்த்தை வரவில்லை.

"அவளாவது உன்ன மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நொண்டி நொண்டி நடந்தாள்.

ஜனவரியில் மகிழினிக்கு இரண்டாவது ஊசி போட்ட மறுநாள், சந்தனமாரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது சேவியர் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். நீளம் தாண்டும் ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டவர். ஜெசிந்தா பதின்மூன்று வருடம் சந்தனமாரியோடு ஒரே அறையில் இருந்தவள். போன வருடம் மே மாதம், எனக்குக் குழந்தை வேணும், ஊசி போட்டுக்கிட்டே இருந்தா உடம்பு பிள்ளை தாங்காதாம் என்று சொல்லி, ஊசியை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அதன் பிறகு அவள் எண்ணுக்கு எப்போது அழைத்தாலும் யாரும் எடுக்கவில்லை.

"உங்களப் பாக்கணும்கா" என்றார் சேவியர். "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு யுனிவர்சிட்டில கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆனா அவ தினமும் உங்க பேரைத்தான் சொல்றா."

வார்டனிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுச் சந்தனமாரி தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினாள்.

கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு. கட்டிலில் ஒரு கிழவி படுத்திருந்தாள். சேவியரின் அம்மா போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தனமாரி வணக்கம் சொன்னாள். கிழவி சிரித்தாள். மேல்வரிசையில் பற்கள் இல்லை.

"என்னட்டி மாரி, வணக்கம்லாம் சொல்லுத?"

குரல் மட்டும் ஜெசிந்தாவின் குரல்.

சந்தனமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தாவுக்கு முப்பத்துநான்கு வயது. கடைசியாகப் பார்த்தபோது மணல்குழியிலிருந்து எழுந்து பாவாடையைத் தட்டுவதுபோல் அரைக்கால் சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஆறு மீட்டர், ஆறு மீட்டர்!" என்று குதித்தாள். அந்தக் கால்கள் இப்போது போர்வைக்கடியில் இரண்டு குச்சிகளாகத் தெரிந்தன.

"முதல் ரெண்டு மாசம் ஒண்ணுமில்ல" என்றார் சேவியர். "மூணாவது மாசம் முடி நரைச்சுது. சரி, முப்பத்துமூணு வயசாச்சே, உள்ளது வருதுன்னு சிரிச்சுக்கிட்டோம். ஆனா நிக்கல. முப்பத்துமூணுல நின்னிருக்கணும்லக்கா? நாற்பது மாதிரி ஆச்சு, அம்பது மாதிரி ஆச்சு. அக்டோபர்ல குனிஞ்சு தண்ணிக்குடம் எடுத்தா, முதுகெலும்பு ஒடஞ்சுது."

"வாய்க்கால அடைச்சு வச்சிருந்தாங்கல்ல" என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "தொறந்தா தண்ணி மட்டுமா வரும்? கரையையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும்."

சேவியர் ஒரு கிண்ணத்தில் கஞ்சியை எடுத்து வந்து அவளுக்கு ஊட்டினார். வாயைத் துடைத்துவிட்டார். இருவரையும் சேர்த்துப் பார்க்கச் சந்தனமாரியால் முடியவில்லை. சுவரில் கல்யாணப் படம் தொங்கியது. எட்டு மாதத்துக்கு முன் எடுத்தது.

கிளம்பும்போது ஜெசிந்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ நிப்பாட்டிராத. என்ன ஆனாலும் நிப்பாட்டிராத. எனக்குப் பதிமூணு வருஷம். உனக்குப் பத்தொம்போது."

பதினேழு நாள் கழித்து ஜெசிந்தா இறந்துபோனாள். முதுமை என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

சந்தனமாரி மருத்துவப் பிரிவுக்குப் போனது மகிழினியின் மூன்றாவது ஊசிக்கு நான்கு நாள் இருக்கும்போது. டாக்டர் மெகருன்னிசா தனியாக இருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு, "ஜெசிந்தா செத்துட்டா மேடம்" என்றாள்.

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார். "தெரியும்."

"நிப்பாட்டினா இப்படி ஆகும்னு முன்னாலேயே தெரியுமா?"

"ஆறு மாசம், ஒரு வருஷம் போட்டு நிப்பாட்டினவங்களுக்கு ஒண்ணும் பெருசா வரல. கொஞ்சம் காய்ச்சல், மூட்டு வலி. அப்புறம் சரியாயிட்டாங்க. அதனால நாங்களும் பயப்படல. பத்து வருஷத்துக்கு மேல போட்டவங்க நிப்பாட்டினப்பத்தான் தெரிஞ்சுது."

"எத்தனை பேரு?"

"எனக்குத் தெரிஞ்சு பதினோரு பேரு. மத்த யுனிவர்சிட்டியும் சேத்து. ஜெசிந்தா பன்னெண்டு."

"அவ நிப்பாட்டப் போறேன்னு வந்து சொன்னால்ல? உங்ககிட்டதானே சொன்னா?"

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். "சொன்னா. எழுதிக் கொடுத்துட்டுப் போம்மான்னு சொன்னேன். வேற எதுவும் சொல்லல. சொல்லக்கூடாதுன்னு இருந்துச்சு. நான் சொல்லிருக்கணும்." இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு மாரி. அவங்கள்ல ஒருத்திக்கும் நான் இதைப் போடல. அதுலேருந்தே உனக்குப் புரியணும்."

"மூணாவது ஊசி போட்டுட்டா மகிக்குத் திரும்பி வர முடியுமா?"

"ஒரு வருஷத்துக்குள்ள நிப்பாட்டினா தப்பிக்கலாம். ஆனா யாரும் ஒரு வருஷத்துல நிப்பாட்டுறதில்ல. மூணாவது போட்டதும் உடம்பு ரொம்ப நல்லா இருக்கும். வலியே தெரியாது. காய்ச்சல் வராது. அந்த சுகத்த விட்டுட்டு யார் வருவா? நீ வந்தியா?"

சந்தனமாரி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மகிக்கு இரும்புச்சத்து கம்மின்னு எழுதுறேன்" என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம். அதுக்குள்ள கமிஷன் வருது."

கமிஷன் என்று அவர் சொன்னது அரசு போட்ட விசாரணைக் குழுவை. கல்லூரி மாணவர்கள் எத்தனை வருடம் போட்டியில் இறங்கலாம் என்பதை மறுபடி முடிவு செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்திருந்தார்கள். பள்ளியிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அணியில் இடமே கிடைப்பதில்லை, இருக்கும் இடத்தையெல்லாம் முப்பது வயதுக்காரர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பெற்றோர்கள் போட்ட வழக்கில் வந்தது அது. செத்தவர்களைப் பற்றி வழக்கில் ஒரு வரி கிடையாது. யாருக்கும் தெரியாது.

நிர்வாகம் சந்தனமாரியைத்தான் சாட்சியாக அனுப்ப முடிவு செய்திருந்தது. பல்கலைக்கழகப் பேருந்துகளின் பின்புறத்தில் பத்தொன்பது வருடமாக ஒட்டியிருந்தது அவள் முகம்தான். சாட்சி சொல்வதற்கு முதல்நாள் மாலை எட்வின் அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. அவளை முதன்முதலில் தேர்ந்தெடுத்தபோது தலை நிறைய முடி இருந்தது.

"நீ தூத்துக்குடி போனது தெரியும்" என்றார். "போனது தப்புன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசி. நீ போய் அங்க எல்லாத்தையும் சொல்லுத. அவங்க பழையபடி வயசு வரம்பு கொண்டுவாராங்க. அன்னைக்கே உனக்குத் தகுதி போச்சு. தகுதி இல்லாதவங்களுக்கு மருந்து கொடுக்கச் சட்டத்துல இடமில்ல. வெளிய எங்கயும் கெடைக்காது. அப்புறம் உனக்கு எத்தனை மாசம்?"

"ஜெசிந்தாவுக்கு ஒம்போது மாசம் சார்."

"உனக்கு அதுகூட இருக்காது."

"தெரியும்."

"உன்ன என் மக மாதிரி வளத்தேன் மாரி."

"உங்க மக வளந்துட்டா சார்" என்றாள் அவள். "அவளுக்குக் கல்யாணம் ஆகி, ரெண்டு பிள்ளை பெத்து, துபாய்ல இருக்கா. நான்தான் இங்கயே இருக்கேன்."

எட்வின் ஓடுதளத்தின் வெள்ளைக்கோட்டைப் பார்த்தபடி நின்றார்.

குழு மதுரையில் ஓர் அரசுக் கட்டடத்தில் கூடியது. பெரிய அறை, மின்விசிறிச் சத்தம், தண்ணீர் பாட்டில்கள். நீதிபதி எழுபதை நெருங்கியவர். அவள் வந்து நின்றதும், "உக்காரு பாப்பா, பயப்படாம சொல்லு" என்றார். பிறகு கோப்பைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்கணும். உக்காருங்கம்மா."

பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் கேட்டார். "உங்களுக்கு உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா?"

"இல்ல."

"யாராவது கட்டாயப்படுத்தினார்களா?"

"இல்ல."

"ஓடுவது உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிச்சிருந்துச்சு."

வழக்கறிஞர் போதும் என்று உட்காரப்போனார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, தானே கேட்டார். "ஒரு காலேஜ் பிள்ளை எத்தனை வருஷம் போட்டியில ஓடலாம்னு நீங்க நினைக்கிறீங்க?"

"மூணு வருஷம் சார். மேல படிச்சா அஞ்சு. அதுவும் பொறந்த தேதிய வச்சு. ரத்தத்த வச்சு இல்ல."

அறையில் சலசலப்பு எழுந்தது. அவள் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னாள். கல்யாணப் படத்தையும் கட்டிலில் கிடந்த படத்தையும் சேவியரிடம் வாங்கி வந்திருந்தாள். மேசைமேல் வைத்தாள். பன்னிரண்டு பேரின் பெயர்கள் இருந்த தாளையும் வைத்தாள். அதில் டாக்டர் மெகருன்னிசாவின் கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தோடு தன் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் டாக்டர் போட்டிருந்தார்.

நீதிபதி படங்களை நெடுநேரம் பார்த்தார். "இது ஒரே ஆளா?"

"ஒரே ஆளு. நடுவுல எட்டு மாசம்."

"வயசு வரம்பு வந்தா உங்களுக்கு மருந்து நின்னுடும். அது தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். என் தங்கச்சி மக ரெண்டு ஊசி போட்டுட்டு மூணாவதுக்கு நிக்கா. பதினெட்டு வயசு. அவளுக்கு இப்ப வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டா. நான் கேட்டேனா அந்த வயசுல? எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு நான் முடிவெடுக்கல சார். வேற வேலைக்குப் போகக்கூடாதுன்னும் முடிவெடுக்கல. அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னே இருந்தேன். மத்தவங்களுக்கு உடம்பு சொல்லிருது, போதும், கெளம்புன்னு. எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. பிள்ளைகளுக்கு முடிவுன்னு ஒண்ணு வேணும். நீங்களாவது எழுதிக் குடுங்க."

நீதிபதி பத்து நிமிடம் இடைவேளை என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். இடைவேளை முக்கால் மணி நேரம் நீண்டது.

ஏப்ரல் நடுவில் ஆணை வந்தது. சந்தனமாரி அதைக் கொடைக்கானலில் வைத்துப் படித்தாள். ஆணை வருவதற்கு இரண்டு நாள் முன்பு அவளையும் பழைய வீராங்கனைகள் ஐந்து பேரையும் மலைப்பயிற்சி என்று சொல்லி ஜூன் கடைசிவரை அங்கே அனுப்பிவிட்டார்கள். ஊசி போட ஒரு செவிலியும் கூட வந்திருந்தாள்; அதுவரை யாரும் கீழே இறங்க அனுமதி இல்லை.

ஆணையின் முதல் பக்கத்தில் அவள் கேட்டது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஜூலை ஒன்றாம் தேதி முதல், வயதைப் பிறந்த தேதியை வைத்தே கணக்கிட வேண்டும்; சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் மட்டுமே ஒரு மாணவர் போட்டியிடலாம். அன்று முதல் புதிதாக யாருக்கும் ஊசி போடக்கூடாது. அவளுக்கு மூச்சு லேசானது. மலைக்காற்றில் நெடுநேரம் நின்றாள். எத்தனை மாதம் என்று கணக்குப் பார்த்தாள், மார்கழி தாண்டாது. அதற்குள் பேச்சியோடு போய் ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

கடைசிப் பக்கத்தை அன்று மாலைதான் படித்தாள். அதில், ஒரு சாட்சியின் துணிச்சலான வாக்குமூலத்தைக் கருத்தில் கொண்டு, மனிதாபிமான அடிப்படையில், ஒரு விதிவிலக்கு தந்திருந்தார் நீதிபதி. ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்பே மூன்று ஊசியும் முடித்தவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அவர்கள் உயிருக்கு ஆபத்து வராதபடி, எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்றுப் போட்டியிட்டு வருகிறார்களோ அந்தப் பல்கலைக்கழகமே, அவர்கள் போட்டியிடும் காலம்வரை, மருந்தைத் தொடர்ந்து தர வேண்டும். உச்ச வரம்பு இல்லை.

அவள் மகிழினியை அழைத்தாள். எடுக்கவில்லை. பேச்சியை அழைத்தாள். "லீவுக்கு வந்திருக்காக்கா, வெளிய போயிருக்கா, நல்லாருக்கா" என்றாள் பேச்சி. டாக்டர் மெகருன்னிசாவை அழைத்தாள். ஆணை வந்த அன்றே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். "என் எடத்துக்கு யார் வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியல மாரி, உள்ள விட மாட்டேங்குறாங்க" என்றார். பிறகு மே முழுவதும் மகிழினி இரண்டு முறை பேசினாள். இரண்டு முறையும் சந்தனமாரி ஊசி பற்றிக் கேட்டாள். "நேர்ல சொல்றேன் பெரியம்மா" என்றாள் அவள்.

ஜூன் கடைசி வாரம் திரும்பி வந்தபோது மதிய நேரம். விடுதிக்கு வெளியே அவளைக் கண்டதும் மகிழினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா சொல்லாதன்னா. நான்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன். மே பதினாலாம் தேதி மூணாவது போட்டாச்சு பெரியம்மா!"

சந்தனமாரி தோளில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எனக்கு மட்டும் இல்ல. ஜூலைக்கு முன்னால முடிச்சாகணும்னு புது டாக்டரு பதினஞ்சு நாளைக்கு ஒண்ணுன்னு போட்டாரு. நம்ம யுனிவர்சிட்டில மட்டும் எண்பத்தாறு பேரு. ஹாக்கி டீம் மொத்தமும் போட்டுட்டாங்க. வெளியூர்லயும் அப்படித்தானாம். ஜூலைக்கு அப்புறம் வாரவங்களுக்கு அஞ்சு வருஷந்தான். எங்களுக்கு எத்தனை வருஷம் வேணும்னாலும்."

"ஜெசிந்தா படத்தப் பாத்தேல்ல மகி?"

"பாத்தேன். அவங்க நிப்பாட்டினாங்க. நான் எதுக்கு நிப்பாட்டப் போறேன்? இப்ப மருந்து குடுத்தே ஆகணும்னு சட்டமே இருக்குல்ல." அவள் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். "உங்களாலதான் பெரியம்மா. நீங்க பேசலைன்னா அந்த விதிவிலக்கு வந்தே இருக்காதுன்னு எட்வின் சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

மே பதினான்கிலிருந்து ஒரு வருடம். டாக்டர் சொன்னது சந்தனமாரிக்கு நினைவு வந்தது. ஒரு வருடத்துக்குள் நிறுத்தினால் தப்பிக்கலாம். அவள் மகிழினியின் கண்களைப் பார்த்தாள். தெளிவாக, கொஞ்சமும் களைப்பில்லாமல் இருந்தன. அந்தச் சுகம் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு பெரியம்மா. வலின்னா என்னன்னே தெரியல."

"சாப்ட்டியா?"

"இல்ல. உங்களுக்காகத்தான் நின்னேன்."

"வா."

சாப்பாட்டுக் கூடத்தில் அன்று புதிதாக ஒரு பரிமாறுகிற அம்மா வேலைக்குச் சேர்ந்திருந்தார். இருவரும் வரிசையில் வந்து நின்றதும் சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கண்ணுகளா, எந்த வருஷம் ரெண்டு பேரும்?"

"நான் ரெண்டாவது வருஷம்" என்றாள் மகிழினி.

"நீயி?"

சந்தனமாரி தட்டை நீட்டினாள்.